றெஜினாவின் பாட்டும் என் கொம்பிரசர் பெடலும்

நாயாற்றுக் கரையில், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் குந்தியிருந்து சவிரிமுத்துவின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காபரேற்றருக்குள் மண். அவனுடைய எஞ்சினில் எப்போதும் மண்தான். எண்ணெய்க் கானைத் திறந்தபடி மணலில் வைக்காதே என்று எத்தனை தரம் சொன்னாலும் அவனுக்கு ஏறாது.

அவன் பக்கத்தில் நின்று வெயிலை மறைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று கேட்டான்.

"அண்ணை, றெஜினா அக்கா பாடுறதை விட்டிட்டாவோ?"

முதல்நாள் எங்கள் வீட்டுக் குசினிக்குள் நடந்த கதை இவனுக்கு எப்படித் தெரியும்?

"ஏன்ரா அப்பிடிக் கேக்கிறாய்?"

"இல்லை, மூண்டு சனிக்கிழமையாப் பாட்டுப் பழக்கம் நடக்குது. நாங்கள் களப்பில வலையோட நிண்டு கேக்கிறனாங்கள். உங்கட கிற்றார் மட்டும்தான் வருது. அக்காவைக் காணேல்லை."

"மூண்டு சனியும் அவா பாடினவா."

"பாடினவாவோ?" அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்து, நான் கவலைப்படக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, "ஆனால் கிற்றார் நல்ல வடிவு அண்ணை. விடாமக் கேக்குது" என்றான்.

கையிலிருந்த சின்ன ஆணி மணலில் விழுந்துவிட்டது. அதைத் தேடி எடுக்கக் கால் மணித்தியாலம் பிடித்தது. அந்தக் கால் மணித்தியாலமும் 'விடாமக் கேக்குது' என்ற அவனுடைய சொல் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கி பார்க்கும் திசை

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காக: நான் முல்லைத்தீவில் படகு எஞ்சின்கள் திருத்துகிறவன். கோயிலில் கிற்றார் அடிக்கிறவன். றெஜினா என் மனைவி. அவள் பாடுகிறவள்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் சின்னது. ஓட்டுக்கூரை, சீமெந்து நிலம், யன்னலுக்கு வெளியே மணல், மணலுக்கு அப்பால் களப்பு. முகப்பில் இரண்டு ஒலிபெருக்கிகள் கட்டியிருக்கிறோம். இரண்டும் தண்ணீரைத்தான் பார்க்கின்றன. வலையை விட்டு வரமுடியாதவர்களுக்கும் பூசை போய்ச் சேரவேண்டும் என்பது ஊரின் தீர்மானம். உள்ளே இருக்கிறவனுக்கு எதற்கு ஒலிபெருக்கி, அவனுக்குக் காது இல்லையா என்று கேட்பார்கள். ஒருமுறை புதிதாக வந்த சுவாமியார் ஒன்றை மட்டும் உள்பக்கம் திருப்பிக் கட்டினார். இரண்டாம் வாரம் அது பழையபடி களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் ஏறித் திருப்பினார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

பெருநாள் நெருங்கினால் சனிக்கிழமைப் பாட்டுப் பழக்கத்துக்கும் அவற்றைப் போட்டுவிடுவோம். தொழிலில் நிற்கிறவர்களுக்கு அது பெருநாள் வருகிறது என்ற அறிவித்தல்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே பாடுகிற, வாசிக்கிற எங்களுக்கு வெளியே என்ன போகிறது என்று தெரியாது. என் காலடியில் கிற்றாரின் சத்தம் வருகிற ஒரு சின்ன அம்ப். கைக்கெட்டும் தூரத்தில் றெஜினா. மைக் இல்லாவிட்டாலும் அவள் குரல் நேரே என் காதில் விழும். எனக்குக் கேட்கிறது என்றால் ஊருக்கே கேட்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரேக் கம்பியில் பழகிய கை

நான் கிற்றார் பழகிய சண்டைக் காலத்தில் வன்னிக்குள் கரண்ட் இல்லை. பற்றரிக்குத் தடை. கிற்றார்க் கம்பி எந்தக் கடையிலும் இல்லை. சென்ற வாரம் எழுதினேனே, ஓலைக் கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடம், அதற்குப் பின்னால் இருந்துதான் பழகினேன். சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்தால் மெல்லிய இழைகள் வரும். அதில் மூன்றைக் கட்டுவோம். விரல் நுனி வெட்டி இரத்தம் வரும், பிறகு காய்த்துப் போகும்.

பிரேக் கம்பி மெல்லத் தட்டினால் பேசாது. அறைய வேண்டும். அதிலும் இடம்பெயர்ந்து மரங்களுக்குக் கீழே சனம் நிறைந்திருக்கும்போது, குழந்தைகளின் அழுகைக்கும் மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் சைக்கிளின் சத்தத்துக்கும் நடுவே பாட்டுக்கு வாசிப்பதென்றால், கையை ஓங்கித்தான் ஆகவேண்டும். அப்படி வளர்ந்த கை இது.

பிறகு பாதை திறந்தது, கரண்ட் வந்தது, மின்சாரக் கிற்றாரும் வந்தது. மெல்லத் தொட்டாலே போதும் என்று அந்தக் கிற்றார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. கை கேட்கவில்லை. அறைந்தால்தான் அதற்குத் திருப்தி.

முன்பெல்லாம் அது ஒரு பிரச்சினையே இல்லை. றெஜினாவின் குரல் என் அடியையெல்லாம் ஏறி மிதித்துக்கொண்டு போகும். பெருநாள் பூசையில் காணிக்கைப் பாட்டைத் தனியாகப் பாடுகிறவள் அவள்தான். குமரியாக இருந்த நாளிலிருந்து ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. முகாமில் தறப்பாளுக்குக் கீழே பூசை நடந்த வருடமும் அவள்தான் பாடினாள். காணிக்கையாகக் கொண்டுபோக அந்த முறை எவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. பாட்டு மட்டும் போனது.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் கழுத்தில் கழலைக்கு ஒப்பரேசன் செய்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, குரல் கொஞ்சம் தணியலாம் என்று முன்னரே சொல்லித்தான் செய்தார்கள். அப்படியே தணிந்தது. முற்றத்தில் நிற்கிற என்னைக் கூப்பிட இப்போது அவள் குசினி யன்னல் கம்பியில் கரண்டியால் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் தேத்தண்ணி. மூன்று தட்டு என்றால் நான் ஏதோ பிழை விட்டிருக்கிறேன்.

இருந்தாலும் பாட்டு போகவில்லை. சிறுத்த குரல்தான், ஆனால் சுருதி பிசகாது. போன வருடம் பெருநாளுக்குப் பாடிவிட்டு வந்து சொன்னாள்:

"உங்கட அடி என்ர சொல்லுகளுக்கு மேல விழுகுது, என்னப்பா. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல்லுப் போகுது."

அது எனக்குச் சுட்டது. இந்த முறை அப்படி நடக்கவிடுவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்தேன்.

பச்சைப் பெட்டி

வவுனியாவில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிற ஒருவர் வெளிநாட்டுக்குப் போகிற அவசரத்தில் தன் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அறைந்தே பழகிய என் கையின் வருத்தத்தைச் சொன்னேன். அவர் ஒரு பச்சைப் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளங்கையளவு இரும்பு. மேலே நான்கு குமிழ்கள், காலால் அமர்த்த ஒரு பொத்தான், ஒரு சிவப்பு லைற்.

"இது கொம்பிரசர். நீங்கள் பெரிசா அடிச்சா அமத்தும். சின்னனா அடிச்சாத் தூக்கும். எல்லாம் ஒரு மட்டமா வரும்."

இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு? மாங்குளத்தில் பஸ் மாறும்போது தேத்தண்ணிக் கடையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டார். கொம்பிரசர் என்றேன். "ரயருக்குக் காத்தடிக்கிறதோ? இவ்வளவு சின்னனா இப்ப வருதோ?" என்றார். விளக்கம் சொல்லப் பஞ்சியாக இருந்தது. ஓம் என்றுவிட்டேன். அவர் அதைத் தன் மனைவியிடமும் காட்டினார்.

என் தொழிலை வைத்துச் சொன்னால் இது ஒரு கவர்னர். தண்ணீர் இறைக்கிற எஞ்சினில் இருக்குமே, அதேதான். வேகம் கூடினால் எண்ணெயைக் குறைக்கும், வேகம் விழுந்தால் எண்ணெயைத் திறக்கும். நான்கு குமிழ்களில் ஒன்று எவ்வளவு அமர்த்துவது, தூக்குவது என்பதற்கு. ஒன்று அடி விழுந்தவுடன் பிடிப்பதா, கொஞ்சம் விட்டுப் பிடிப்பதா என்பதற்கு. மூன்றாவது மொத்தச் சத்தத்துக்கு. நான்காவது தொனியின் கூர்மைக்கு.

மருந்து கூடினால் சுகமும் கூடும் என்று நினைக்கிற சாதி நான். முதல் குமிழைக் கடைசிவரை திருப்பினேன்.

உண்மையைச் சொல்லுகிறேன், அந்தச் சத்தத்தில் மயங்கிப்போனேன். என் முரட்டு அடி பஞ்சில் விழுந்தது போல வந்தது. அடித்த சுரம் சாகவே இல்லை. விரலை எடுக்கும்வரை நின்று பாடியது. பின்னால் நுளம்பு இரைவது போல ஒரு மெல்லிய இரைச்சல் இருந்தது. அதைப் பெரிதாக எடுக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக என் கையிலிருந்து வராத தொனி அது. அமர்த்துகிற பெட்டி என் கிற்றாரைச் சின்னதாக்கி அவள் குரலுக்கு இடம் விட்டிருக்கிறது என்று நம்பினேன். அவளுக்காக வாங்கினேன் என்பதும் உண்மை. முதல் நாளிலிருந்தே எனக்காக வாசித்தேன் என்பதும் உண்மை.

குசினிக்குள் நடந்த கதை

மூன்று சனிக்கிழமை பழகினோம். முதல் சனி றெஜினா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் சனி மைக்கைத் தட்டிப் பார்த்தாள். மூன்றாம் சனி, பாட்டுக்குழுவை நடத்துகிற மெற்றில்டா ரீச்சர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னா:

"றெஜினா அக்கா, இந்த முறை பிள்ளையளும் சேந்து பாடட்டுமே? உங்களுக்கும் கஷ்டம் இல்லை."

ரீச்சரில் பிழை இல்லை. அவா நின்ற இடத்தில் அவாவுக்குக் கேட்டது அவ்வளவுதான்.

புதன்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். றெஜினா சுளகில் அரிசி பார்த்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நான் ரீச்சரிட்டைச் சொல்லிப்போட்டன். பெருநாளுக்கு நான் பாடேல்லை."

"ஏன்?"

"எனக்கே என்ர குரல் கேக்கேல்லை. பேந்து ஆருக்குக் கேக்கப்போகுது?"

"எனக்கு வடிவாக் கேக்குதே."

"நீங்கள் பக்கத்தில இருக்கிறியள். அதோட என்ர மனுசன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவளுடைய சிரிப்புகளெல்லாம் எனக்கு அத்துப்படி. இது அவற்றில் ஒன்றில்லை. ஒப்பரேசன் குரலை மெல்ல மெல்லத் தின்கிறது என்று நினைத்தேன். அவளும் அதையேதான் நினைத்திருந்தாள்.

மறுநாள்தான் சவிரிமுத்துவின் எஞ்சின்.

மணலில் கிடந்த ஆணி

ஆணியைத் தேடி மணலை அளைந்துகொண்டிருந்தபோது மெல்ல மெல்ல விளங்கியது. என் பழைய அடி ஒரு சொல்லைக் கொன்றாலும் உடனே செத்துவிடும். அடுத்த அடி வரும்வரை ஓர் இடைவெளி இருக்கும். றெஜினாவின் சின்னக் குரல் அந்த இடைவெளிகளில்தான் இருந்தது. பெட்டி என் அடியை அமர்த்தியது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அடி சாகிற நேரத்தில் அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. இடைவெளி எல்லாவற்றையும் என் கிற்றார் நிரப்பிவிட்டது. அவளுக்கு நிற்க இடமில்லை. கவர்னர் இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்று தெரியாதவனா நான்? எத்தனை கவர்னரைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போன கையோடு சொன்னேன்.

"இஞ்சாரும், கெட்டது உம்மட குரல் இல்லை. என்ர பெட்டிதான் உம்மை மூடிப்போட்டுது."

சவிரிமுத்து சொன்னதையும் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"மூண்டு கிழமையாவோ?"

"ஓம்."

"மூண்டு கிழமையா விடிய எழும்பிக் கிணத்தடியில தனியப் பாடிப் பாக்கிறன். நீங்கள் நித்திரை. அங்க குரல் இருக்குது. கோயிலுக்கு வந்தால் இல்லை. எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சன்." சுளகைத் தள்ளி வைத்தாள். "தேத்தண்ணி கூடக் குடிக்காமல் இஞ்சித் தண்ணி குடிச்சனான், தெரியுமோ!"

தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியாது. அன்று பின்னேரம் யன்னலில் எந்தத் தட்டும் கேட்கவில்லை.

களப்பிலிருந்து வந்த தீர்ப்பு

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலைத் திறந்து ஒலிபெருக்கிகளைப் போட்டோம். அவள் வந்தது என் கெஞ்சலுக்காகவா, தன் குரலுக்காகவா என்று நான் கேட்கவில்லை. சவிரிமுத்து வள்ளத்தைக் கொண்டுபோய்க் களப்பின் நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் போன் எடுத்தான். பாடும்போது அதைக் காதில் வைக்காதே என்று அவனுக்குச் சொல்லிவிட்டு, என் போனைப் பக்கத்து மர வாங்கில் வைத்தேன். வெறும் காலில் சீமெந்துக் குளிர் ஏறியது. பெருவிரலால் பொத்தானை அமர்த்தினேன். சிவப்பு லைற் எரிந்தது. என் கை இரண்டும் கிற்றாரில் இருந்ததால் குமிழ் திருப்புகிற வேலை றெஜினாவுக்கு.

முதல் வரியைப் பாடி முடித்தாள்.

"என்ன கேட்டது?" என்றேன்.

"கிற்றார்" என்றது போன்.

தூக்குகிற முதல் குமிழை அவள் பாதிக்குக் குறைத்தாள். மறுபடியும் பாடினாள்.

"இப்ப?"

"கிற்றார்தான் அண்ணை. பின்னால ஆரோ முணுமுணுக்கினம்."

"முணுமுணுக்கிறது நான்தான், தம்பி" என்றாள் றெஜினா.

"ஐயோ அக்கா!" என்றது போன்.

அந்தக் குமிழை அடிமட்டத்துக்குக் கிட்ட இறக்கச் சொன்னேன். அடியைப் பிடிக்கிற குமிழை, விழுந்தவுடன் பிடிக்கிற பக்கம் திருப்பச் சொன்னேன். மொத்தச் சத்தத்தையும் குறைத்தோம். இப்போது பெட்டி என் முரட்டு அடியை மட்டும் பிடிக்கும், மற்ற நேரம் சும்மா கிடக்கும். நான் மயங்கிய அந்தத் தொனி போய்விட்டது. மனம் கொஞ்சம் நொந்தது, மறைப்பானேன். இன்னொன்றும் செய்தேன். அவள் ஒவ்வொரு வரியையும் எடுக்கிற இடத்தில் உள்ளங்கையைக் கம்பிகளின்மேல் வைத்துச் சத்தத்தை நிறுத்தினேன். அதற்கு எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை.

அவள் பாடினாள். இரண்டு வரி போனது. மூன்றாவது வரியில் போன் கத்தியது.

"அண்ணை, பொறுங்கோ! அக்கா வாறா… அக்கா வாறா, அண்ணை!"

கடலில் காணாமற்போன வள்ளம் கரைக்குத் தெரியும்போது கத்துவார்களே, அப்படிக் கத்தினான். றெஜினா பாட்டை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

"எவ்வளவு தூரத்தில நிக்கிறாய், தம்பி?"

"நல்ல தூரம் அக்கா. கோயில் தீப்பெட்டி மாதிரித் தெரியுது."

"இன்னும் கொஞ்சம் அங்கால போ."

அவன் போனான். நான் திருத்திக் கொடுத்த எஞ்சின் ஒரே இழுவையில் எடுபட்ட சத்தம் போனில் கேட்டது. பிறகு நின்றது. அவள் மறுபடி பாடினாள். கேட்குது என்றான். இன்னும் போ என்றாள். மூன்று தரம் அப்படி அவனை அனுப்பினாள். மூன்றாம் தரமும் கேட்குது என்றபோது வாங்கில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கிற்றாரைக் கழற்றாமலே பக்கத்தில் போய் இருந்தேன். எனக்கும் அழுகை வந்தது.

ரீச்சர் அதற்குள் பாட்டை இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தா. விசயத்தைச் சொன்னதும் என்னைப் பார்த்து, "எஞ்சின் திருத்திற ஆளுக்குப் பெட்டி திருத்தத் தெரியேல்லையோ?" என்றா. பாட்டுக் கொப்பி அன்றே றெஜினாவிடம் திரும்பி வந்தது.

பெருநாள்

பெருநாள் காலை சோளகம் கொஞ்சம் வீசியது. காணிக்கை நேரம் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவர் கையில் நெற்கதிர், ஒருவர் கையில் ஓலைப்பெட்டியில் இறால், ஒரு பெண்ணின் கையில் புதுவலைத் துண்டு. றெஜினா மைக்குக்கு முன்னால் நின்றாள். தொடங்குமுன் குனிந்து, என்னைக் கேட்காமலே, மொத்தச் சத்தத்தின் குமிழை இன்னும் ஒரு மயிரளவு குறைத்தாள்.

பாடினாள். நான் வாசித்தேனா என்று கேட்டால், வாசித்தேன். ஆனால் அதிக நேரமும் உள்ளங்கை கம்பியில்தான் இருந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால், சவிரிமுத்து களப்பிலிருந்து நேரே வந்து நின்றான். காற்சட்டை முழங்கால்வரை ஈரம். முகத்தில் உண்மையான கவலை.

"அண்ணை, கையில ஏதும் நோவோ?"

"இல்லையே. ஏன்?"

"அக்கா அந்தமாதிரிப் பாடினவா. ஒரு சொல்லு விடாமக் கேட்டது. உங்கட கிற்றாரைத்தான் காணேல்லை. நீங்கள் வாசிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சம்."

அவனைக் கட்டிப்பிடித்தேன். அவனுக்கு ஏனென்று விளங்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்த றெஜினாவிடம் இதைச் சொன்னேன். அவள் சின்னக் குரல் காற்றில் அள்ளுப்படாமல் இருக்க, என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னாள்:

"அப்ப வாற ஞாயிறு கொஞ்சம் கூட்டி அடியுங்கோ. பாவம்."